சான் டியாகோ யூனிஃபைடில் உள்ள சார்ட்டர் பள்ளிகளை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிடுவது?

சொரெண்டோ வேலியில் வேலை, மீரா மேசாவில் வீடு தேடுகிறீர்கள், பையன் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான், கணக்கில் கெட்டி. ப்ராய்ஸ், ஹை டெக் ஹை, காம்பர்ஸ் மூன்றில் எது நல்ல பள்ளி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் சான் டியாகோ யூனிஃபைடு என்ற நகரத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பொதுப்பள்ளி நிர்வாகம்) எல்லைக்குள் இருக்கிற சார்ட்டர் பள்ளிகள்தான், அதாவது தனி அனுமதி வாங்கித் தங்கள் வழியில் நடத்திக்கொள்பவை. அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். ஒற்றுமை அத்தோடு சரி.

முதலில் ப்ராய்ஸ். 1999-ல் தொடங்கியது, யுசி சான் டியாகோ பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது, 6 முதல் 12 வரை. குறைந்த வருமானக் குடும்பமாக இருக்க வேண்டும், பெற்றோரில் யாரும் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். எச்1பி விசாவில் வந்து இறங்கும் பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இருக்கவும் கூடாது என்பது என் கட்சி. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பள்ளியின் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆனால் ஒப்பிடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள ப்ராய்ஸ்தான் நல்ல பாடம். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிக் குடும்பங்கள், ஒரே ஆர்வம்; அதிர்ஷ்டம் மட்டும்தான் வேறு. அரசுத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கல்லூரிக்குத் தேவையான பாடங்களை எடுத்து முடித்ததிலும், நான்காண்டுக் கல்லூரிக்குப் போனதிலும் இடம் கிடைத்தவர்கள் முந்தியிருந்தார்கள். பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு எத்தனை என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அந்த எண் பெரும்பாலும் பள்ளிக்குள் யார் நுழைகிறார்கள் என்பதைத்தான் சொல்லும். வீட்டுத் தரகருக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

காம்பர்ஸ் கதை வேறு. நகரின் தென்கிழக்கில், கும்பல் வன்முறையால் அடிபட்ட ஒரு பகுதியில் இருந்த டிஸ்ட்ரிக்ட் நடுநிலைப் பள்ளி அது. பெற்றோரும் ஆசிரியர்களும் போராடி 2005-ல் சார்ட்டராக மாற்றினார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிப்பதற்காகவே இருக்கிற பள்ளி. அதன் மதிப்பெண்ணை ஹை டெக் ஹையோடு வைத்துப் பார்ப்பது அநியாயம். பள்ளிகளின் முடிவுகளை மாநிலம் வெளியிடும் கலிஃபோர்னியா டாஷ்போர்டு தளத்தில் போய், இரண்டு பள்ளியிலும் குறைந்த வருமானப் பிள்ளைகளின் முடிவை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால் ஓரளவுக்கு நியாயம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது ஹை டெக் ஹை ஒன்றுதான். 2000-ல் பாயின்ட் லோமாவில், பழைய கடற்படைப் பயிற்சி மையம் இருந்த இடத்தில் ஆரம்பித்தார்கள். இன்று சூலா விஸ்டா, சான் மார்கோஸ் வரை கிளைகள் உண்டு. அவர்கள் குலுக்கல் ஜிப் கோடு வாரியாக நடக்கும். எல்லா வட்டாரத்திலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்பதற்காக. படிப்பு முழுக்க ப்ராஜெக்ட். கெட்டிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு, மற்றவர்களுக்கு ஒரு வகுப்பு என்று பிரிப்பதில்லை. கல்லூரி அளவுப் பாடங்களான ஏபி (AP) வகுப்புகளும் இல்லை. மாணவர்கள் தங்கள் வேலையை ஊர் மக்கள் முன்னால் வைக்கிற கண்காட்சி மாலை ஒன்றுக்குக் கட்டாயம் போய் வாருங்கள். அழகான சுவர்களைப் பார்த்து மயங்காமல் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி, ‘இதில் நீ செய்தது எது?’ என்று கேளுங்கள். எனக்கு அங்கே கிடைத்த பதில்களில் சில பிரமாதம். சில, குழுவில் ஒருவன் உழைக்க மற்றவர்கள் நின்று கைதட்டிய வகை.

எந்தச் சார்ட்டராக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை. மாநிலக் கல்வித் துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு வருடத்து ஒன்பதாம் வகுப்பை எடுத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று பாருங்கள். கூட்டம் வெகுவாகக் கரைந்திருந்தால், போனவர்கள் யார், காலி இடத்தில் வேறு பிள்ளைகளைச் சேர்த்தார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். தடுமாறும் பிள்ளைகள் வெளியேறிய பிறகு மீதியிருப்பவர்களின் சராசரி தானாகவே உயரும்.

அடுத்தது புதுப்பிப்பு மனு. சார்ட்டர் அனுமதி நிரந்தரமல்ல. 2019-ல் வந்த AB 1505 (அசெம்பிளி பில் 1505) என்ற மாநிலச் சட்டப்படி, நன்றாகச் செய்யும் பள்ளிக்கு ஐந்து முதல் ஏழு வருடம், நடுத்தரத்துக்கு ஐந்து, பின்தங்கியதற்குப் புதுப்பித்தாலும் இரண்டே வருடம். எத்தனை வருடம் கொடுத்தார்கள் என்பதே ஒரு தீர்ப்பு. மனுவில் பணநிலை, ஒழுங்கு நடவடிக்கை விதிகள் எல்லாம் இருக்கும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விளம்பரக் கையேட்டைவிட நூறு மடங்கு உண்மை.

வீடு எடுக்கும்போது ஒரு விஷயம்: ரான்சோ பெனஸ்கிடோஸ் சான் டியாகோ நகருக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பவே யூனிஃபைடு. குலுக்கலில் தன் டிஸ்ட்ரிக்ட்வாசிகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். அங்கே வீடு எடுத்தால் கணக்கு மாறிவிடும். பல சார்ட்டர்களுக்கு மஞ்சள் பஸ்ஸும் கிடையாது. மீரா மேசாவிலிருந்து பாயின்ட் லோமாவுக்குக் காலை நெரிசலில் தினமும் யார் ஓட்டுவது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள்.

உங்கள் பையனைப் பற்றி: கணக்கில் வேகமாகப் போக வேண்டும், ஏபி கால்குலஸ் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று அவனே துடிக்கிறான் என்றால் டிஸ்ட்ரிக்டே நடத்தும் மீரா மேசா ஹை அல்லது ஸ்கிரிப்ஸ் ரான்ச் ஹை போதும். சார்ட்டர் பக்கமே போக வேண்டாம். கையால் எதையாவது செய்து பிரித்துப் போட்டு விளையாடுகிறவன், பரீட்சை என்றால் சுருண்டுகொள்கிறவன் என்றால் ஹை டெக் ஹைக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பகுதிப் பள்ளி எப்படியும் இருக்கிறது. அங்கே அவனைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களால் முடியாது.