குஞ்சுக் கூட்டுக்குச் சூடு: மாரிக்கு முன் வந்த கேள்விகள்

ஐப்பசி மழைக்கு முன், பொரித்து ஒரு நாளான குஞ்சுகளை இறக்கப்போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். புதுக்குடியிருப்பில் பன்னிரண்டு வருடமாக ஊர்க்கோழியும் முட்டைக்கோழியும் வளர்க்கிறேன். ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது குஞ்சு. நான் சொல்வதெல்லாம் அந்த அளவுக் கூட்டுக்குத்தான்.

மல்லாவியிலிருந்து: அக்கா, வன்னி வெயில் இப்படி எரிக்கும்போது குஞ்சுக்கு எதற்குப் பல்பு?

பகலுக்கு நீங்கள் சொல்வது சரி. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் கொட்டிலுக்குள் 34, 35 பாகை வந்துவிடும். அந்த நேரம் பல்பை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. மேலே இருப்பது வெறும் பூமயிர். முதல் வாரம் அதன் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைக்கலாம். மார்கழி விடியற்காலையில் வெளியே 22 பாகைக்கு இறங்கினால் மிச்சத்தை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் நேரம் அடித்த குளிர்காற்றில் வளர்ந்த மாடுகளும் ஆடுகளுமே விறைத்துச் செத்ததை வன்னியில் எல்லோரும் பார்த்தோம்.

ஒட்டுசுட்டானிலிருந்து: வெப்பமானி இல்லை. சூடு சரியா என்று எப்படித் தெரியும்?

வெப்பமானி இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது குஞ்சைத்தான். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, கதவைத் திறக்காமல் பலகை இடுக்கால் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கூராகக் கீச்சிட்டால் குளிர்கிறது. குஞ்சுகளைச் சுற்றி வட்டமாக நிறுத்திய தகட்டின் ஓரம் ஒதுங்கி, செட்டையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கினால் மற்றப் பக்கத்தால் காற்று அடிக்கிறது. மாரியில் அநேகமாக அது வாடைக்காற்று, வடகிழக்குப் பக்கம் சாக்குக் கட்டுங்கள். சரியான சூட்டில் குஞ்சுகள் பரவலாகப் படுத்திருக்கும். சில கழுத்தைத் தரையில் விரித்த உமியில் நீட்டிப் போட்டுத் தூங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பயந்து தூக்குவார்கள். தூக்காதீர்கள், அது நல்ல தூக்கம்.

இதற்காகத்தான் கூடு முழுக்க ஒரே சூடாக வைக்க வேண்டாம் என்கிறேன். பல்பு ஒரு பக்கம், தண்ணீரும் தீனும் அதற்குச் சற்று வெளியே. சூடு வேண்டிய குஞ்சு உள்ளே வரும், போதுமென்றால் வெளியே போகும். எங்கள் கணக்குப் பிழைத்தாலும் குஞ்சு தானே திருத்திக்கொள்ள இடம் இருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து: 15 வாட் எல்ஈடி பல்பு இரண்டு போட்டும் குஞ்சு ஒடுங்குகிறது. ஏன்?

எல்ஈடி வெளிச்சம் தரும், சூடு தராது. கம்பி இழை எரியும் பழைய மஞ்சள் பல்புதான் வேண்டும். அது தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்று கணக்கு வையுங்கள், மாரியில் 2. ஐம்பது குஞ்சுக்கு 100 வாட் பல்பு ஒன்றைப் போடாமல் 60 வாட் இரண்டாகப் போடுங்கள். நடுச்சாமத்தில் ஒன்று எரிந்துபோனாலும் விடியும்வரை மற்றது தாங்கும்.

முள்ளியவளையிலிருந்து: அண்ணா கனடாவிலிருந்து 250 வாட் சிவப்புச் சூட்டுப் பல்பு கொண்டுவந்தார். போடலாமா?

வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. போட்டவுடன் வெடிக்கலாம். அப்புறம், உடையாமலிருக்க டெஃப்லான் பூசிய பல்புகளும் அங்கே விற்கிறார்கள். அந்தப் பூச்சு சூடாகி வரும் ஆவி பறவைகளைக் கொன்றுவிடும்.

விசுவமடுவிலிருந்து: பல்பால் கொட்டில் எரிந்த கதை கேட்டுப் பயமாக இருக்கிறது. எப்படிக் கட்டுவது?

பயம் நியாயமானது. ஐந்து வருடத்துக்கு முன் எனக்கே நடந்தது. பிளாஸ்டிக் ஹோல்டரில் 100 வாட் பல்பு, அதன் வயரிலேயே தொங்கவிட்டிருந்தேன். நாலு இரவுச் சூட்டில் ஹோல்டர் இளகி, பல்பு உமிக்குள் விழுந்தது. உமி சுவாலை விடவில்லை, உள்ளுக்குள் புகைந்தது. காலையில் கதவைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற புகை. நாற்பத்திரண்டு குஞ்சு ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. அன்றைக்கு வெளியே அள்ளிக்கொட்டிய கரி உமியின் மணம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது பீங்கான் ஹோல்டர் மட்டும்தான் வாங்குகிறேன். பாரத்தை வயர் தாங்கக்கூடாது; சங்கிலியில் கட்டி, வேறொரு ஆணியில் இரண்டாவது கம்பியும் போடுங்கள், ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்கும். பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கி, சூடு குறைக்க வேண்டியபோது சங்கிலியில் ஒவ்வொரு கண்ணாக ஏற்றுங்கள். சாக்கோ பொலித்தீனோ பல்பை நெருங்கக்கூடாது. கொட்டிலுக்குப் போகும் லைனில் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: கரண்ட் போனால் என்ன செய்வது?

2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது நான் படித்த பாடம் இது. முதலில் இடத்தைச் சுருக்குங்கள். தகட்டு வட்டத்தைப் பாதியாக்கி, மேலே சாக்குப் போட்டு, ஒரு பக்கம் கையளவு திறந்து விடுங்கள். கண்ணாடிப் போத்தல்களில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, பழஞ்சீலை சுற்றி உமிக்குள் பாதி புதையுங்கள். ஐம்பது குஞ்சுக்கு நாலு போத்தல். கொதிநீர் ஊற்றினால் போத்தல் வெடிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அந்த இரவு நித்திரை இல்லை.

சோலார் பற்றரி இருந்தால் 12 வோல்ட் இழை பல்பு போடலாம். 100 ஆம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தால் 60 வாட் பத்து மணித்தியாலம் எரியும்.

அதே ஆள்: சிரட்டைக்கரிச் சட்டி வைக்கலாமா?

மூடிய கொட்டிலுக்குள் வேண்டவே வேண்டாம். தணல் விடும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. குஞ்சு மட்டுமல்ல, பார்க்கப் போகும் நீங்களும் மயங்கி விழுவீர்கள். அரிக்கன் லாம்பும் காற்றோட்டம் இருந்தால் மட்டும், ஓரமாக, தட்டிவிழாமல்.

வவுனியாவிலிருந்து: அக்கா, சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானே போட்டு அணைக்கும் எஸ்.டி.சி. 1000 கொன்ட்ரோலர் வாங்கினேன். எத்தனையில் வைப்பது?

நல்ல வேலை, தம்பி. முதல் வாரம் 33, வித்தியாசம் 1; அதாவது 33இல் அணைந்து 32இல் திரும்ப எரியும். சூட்டை அளக்கும் உணரியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், பல்பு வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கொத்தி இழுத்து அது வட்டத்துக்கு வெளியே குளிர்நிலத்தில் விழுந்தால், கருவி குளிர் என்று நினைத்துப் பல்பை அணைக்கவே அணைக்காது. உள்ளே குஞ்சு வெந்துவிடும். கருவி இருந்தாலும் குளிர்ந்த பக்கம் ஒன்று விடுங்கள்.

முறிகண்டியிலிருந்து: பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைக்கிறது.

குளிரோ அதிக சூடோ பட்டால் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாக ஊறவைத்து எடுங்கள். பிய்த்தால் தோல் வரும். சூட்டைச் சரிபார்த்தும் நிற்காவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாங்குளத்திலிருந்து: சூட்டுக்குச் சாரைப்பாம்பு கூட்டுக்குள் வருமா?

அது குஞ்சுக்கும் எலிக்கும்தான் வருகிறது. அரை அங்குலக் கண் வலையைக் கீழே ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்து அடியுங்கள். சிந்திய தீனைக் கூட்டினால் எலி குறையும், சாரையும் குறையும். அடிக்காதீர்கள், வயலில் எலி பிடிப்பது அதுதான். பாம்புக்குப் பயந்து கொட்டிலைச் சுற்றிப் பொலித்தீன் இறுக்குகிறார்கள். அதுதான் ஆபத்து, ஈரமும் அமோனியாவும் உள்ளே நின்றுவிடும். குனிந்து குஞ்சு உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் உமியை மாற்றுங்கள்.

கடைசியாகத் துணுக்காயிலிருந்து: பல்பை எப்போது நிறுத்துவது?

செட்டையிலும் முதுகிலும் இறகு மூடியபின். கோடையில் மூன்று வாரத்தில் முடியும், மாரியில் ஐந்து வாரமும் போகலாம். முதலில் பகலில், பிறகு முன்னிரவில் அணையுங்கள்; விடியற்காலை மூன்று மணிக்குப் பிந்திய குளிருக்குத்தான் கடைசிவரை பல்பு வேண்டும். மழை இரவொன்றில் திரும்பப் போட வேண்டி வரும், ஹோல்டரைக் கழற்றாமல் விடுங்கள்.