அட்டைக்கடியும் வீங்குன முட்டியும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு தேயிலைத் தோட்டத்துல வேலை. நாலு வயசுப் பையன அட்டை கடிச்சு சாயங்காலம் வரைக்கும் ரத்தம் நிக்கல, ஒரு வாரம் கழிச்சு லேசா சறுக்கி விழுந்ததுக்கே முட்டி பந்து மாதிரி வீங்கிருச்சு. எங்க அண்ணனும் சின்ன வயசுல பல்லு புடுங்கி ரத்தம் நிக்காமத்தான் தவறிட்டாரு. மாமியார் என் வம்சத்து தோஷம்ங்கறாங்க. ரத்தத்துல புரோட்டியேஸ்னு ஒண்ணு புரதத்த வெட்டும்னு நெட்டுல போட்டிருக்கு, வெட்டினா எப்படி உறையும்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தங்கச்சி, அட்டைய விடுங்க. அது யாரக் கடிச்சாலும் மணிக்கணக்கா ஒழுகும், அதோட எச்சில்ல இருக்குற ஹிருடின் நம்ம ரத்தத்த உறைய வைக்கிற த்ராம்பின்ங்கற புரோட்டியேஸக் கட்டிப்போட்டுரும். எனக்குக் கவலையா இருக்குறது அந்த முட்டியும் உங்க அண்ணன் விஷயமும்தான், ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியாங்கற நோயா இருக்குமோன்னு.

தோட்டத்துல கவ்வாத்து வெட்டினப்புறம்தானே செடி துளிர்க்குது, அப்படித்தான் இதுவும். உறைய வைக்கிற புரதங்க, ஃபேக்டர்னு சொல்லி நம்பர் போட்டிருப்பாங்க, தூங்கிட்டே ரத்தத்துல ஓடும், காயம் பட்டதும் ஒண்ணு இன்னொண்ண நறுக்கி எழுப்பும், ஃபேக்டர் 9 போய் 10-ஐ நறுக்க, 10 ப்ரோத்ராம்பின நறுக்கி த்ராம்பினா ஆக்க, த்ராம்பின் ஃபைப்ரினோஜெனோட ஓரத்த நறுக்கிவிட அது நூல் நூலா சேந்து வலை பின்னிரும், ரத்தம் நிக்கும். இதுல 9 கத்தி. 8 கத்தி இல்ல, கத்தியப் புடிக்கிற கை, அது இல்லைன்னா 9 இருந்தும் வேலை நகராது. 8 குறைஞ்சா ஹீமோஃபிலியா ஏ, 9 குறைஞ்சா பி. பி-க்கு கிறிஸ்துமஸ் நோய்னும் பேரு, பண்டிகை இல்ல, 1952-ல டாக்டருங்க இந்த நோயப் பத்தி எழுதினப்ப அவங்க பாத்த பையன் பேரு ஸ்டீபன் கிறிஸ்துமஸ்.

தோஷமெல்லாம் இல்லம்மா. இது எக்ஸ் குரோமோசோம்ல இருக்குற ஜீன், பையனுக்கு அது ஒண்ணே ஒண்ணு, அதுவும் அம்மாகிட்ட இருந்துதான் வரும், அம்மாகிட்ட இருக்குற ரெண்டுல எது வரும்னு யார் கையிலயும் இல்ல. குடும்பத்துல யாருக்குமே இல்லாம வர்றதும் மூணுல ஒரு பங்கு இருக்கு. மாமியார்கிட்ட இதப் படிச்சே காட்டுங்க.

டெஸ்ட் பண்ணினாதான் உறுதியாச் சொல்ல முடியும், தள்ளிப்போடாதீங்க. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற ஏபிடிடி, பிடி டெஸ்ட் ரெண்டும் பாக்கணும், ஏபிடிடி மட்டும் கூடியிருந்தா ஃபேக்டர் 8, 9 அளவு பாப்பாங்க. உங்களுக்கும் பாத்துக்கங்க, சில அம்மாக்களுக்கும் அளவு குறைஞ்சிருக்கும். அதுவரைக்கும் சதையில ஊசி வேணாம், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேணாம், வலிச்சா பாராசிட்டமால், முட்டிக்கு துணி சுத்தி ஐஸ். முட்டிய நீவி விடவே கூடாது. ஹீமோஃபிலியான்னு தெரிஞ்சா குறையுற ஃபேக்டர நரம்பு வழியா ஏத்துவாங்க, தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல அது இலவசம். அடிக்கடி மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சா மூட்டே தேஞ்சிரும், அதனாலதான் இவ்வளவு அவசரப்படுத்துறேன். ஊட்டியோ கோயம்புத்தூரோ, நாளைக்கே கெளம்புங்க, டாக்டரப் பாத்ததும் மொதல்ல அண்ணன் விஷயத்தச் சொல்லுங்க.