காமாலையே வராதவருக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 44, ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். இரத்த தான முகாமில் இரத்தம் கொடுத்தபோது ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. கல்லீரல் சுருக்கம் இல்லை, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்ற மருத்துவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். சி வகை வைரஸ் இருந்த என் சித்தப்பாவுக்கே கல்லீரல் சுருங்கிய பிறகுதான் புற்றுநோய் வந்தது. எனக்குக் காமாலைகூட வந்ததில்லை. ஸ்கேன் அவசியமா? எங்கள் தோட்டத்துக் கடலைக்காயைச் சாப்பிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பவானி

பதில்: அவசியம். உங்கள் சித்தப்பாவின் நோயை வைத்து உங்களுடையதை அளக்க வேண்டாம். சி வைரஸ் நம் மரபணுக்களோடு கலப்பதில்லை. அது தங்கியிருக்கும் ஆண்டுகளில், நம் எதிர்ப்பாற்றல் தொற்றுள்ள உயிரணுக்களை அழிக்க, அழிந்த இடத்தில் புதியவை தோன்ற, அவையும் தாக்கப்பட, இந்த ஓயாத அழற்சியில் தழும்புத் திசு படிந்து கல்லீரல் இறுகுகிறது. அடிக்கடி பிரியும் உயிரணுக்களில் மரபணுப் பிழைகளும் சேர்கின்றன. ஆகவே சி வகையில் புற்றுநோய் பெரும்பாலும் சுருக்கத்துக்குப் பிறகே தலைகாட்டுகிறது.

பி வைரசும் இவ்வழியில் கெடுக்கும். ஆனால் அதற்கு வேறொரு வழியும் உண்டு. அதன் டி.என்.ஏ. துண்டுகள் நம் குரோமோசோம்களுக்குள்ளேயே செருகிக்கொள்கின்றன. உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களின் அருகே அவை செருகிக்கொண்டால் அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. வைரசின் எக்ஸ் புரதமும் அதற்குத் துணைபோகிறது. எனவே சுருக்கமே இல்லாத கல்லீரலிலும் பி வைரசால் புற்றுநோய் வரலாம். இந்தத் தொற்றுள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுவது அதனால்தான். கட்டி சிறிதாக இருக்கும்போது அகப்பட்டால் அறுவை சிகிச்சையால் நீக்கிவிட வாய்ப்பு உண்டு. வலி வந்த பிறகு பார்த்தால் அந்த வாய்ப்பு குறைவு.

காமாலை வராததை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டினரிடம் பி வைரஸ் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் தொற்றினால் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கிறது. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பாற்றல் வைரசோடு சண்டையிடுவதில்லை. சண்டை இல்லாததால் காமாலையும் இல்லை. நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மஞ்சள் தெளிந்ததும் நோய் போயிற்று என்று இருந்துவிடுகிறோம். அப்படித் தெளிபவை பெரும்பாலும் தண்ணீரால் பரவும் ஏ, இ வகைகள். அவை தாமாகவே குணமாகக்கூடியவை. (கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்ததும் அவற்றால்தான் என்பேன்.)

கடலைக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பூசணம் பிடித்ததை மட்டும் ஒதுக்குங்கள். ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவையே சிதைக்கும் இந்த நஞ்சு, பி வைரசோடு சேரும்போது ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. வறுத்தாலும் முழுமையாகப் போவதில்லை. வீணாகிறதே என்று மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வந்துவிடும்.

மதுவை அடியோடு விட்டுவிடுங்கள். மாத்திரை வேண்டாம் என்பது இன்றைய நிலைமைக்கு மட்டுமே என்பதால், வைரஸ் அளவையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். உங்கள் தாயார், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். சேர்ந்து உண்பதால் இது பரவாது. சவரக் கத்தியை மட்டும் பகிர வேண்டாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.