தம்புராவில் நூல், பியானோவில் திருகாணி

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கரான ஜோன் கேஜை ‘புதுமைப் பியானோக் கலைஞர்’ என்று புகழ்ந்திருந்தீர்கள். பியானோத் தந்திகளுக்கிடையே திருகாணி செருகியவரும், மேடையில் நாலரை நிமிடம் ஒன்றும் வாசிக்காமல் இருக்கச் சொன்னவருமான ஒருவர் கலைஞராவாரா? சுருதி சுத்தத்தில் வளர்ந்த நமது இசைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: வீட்டில் தம்புரா இருந்தால் அதன் குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையை, ஒருமுறை குனிந்து பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூல் கிடக்கும். ‘ஜீவா’ என்று நாம் பெயரிட்டிருக்கும் அந்த நூலை மயிரிழையளவு நகர்த்தித்தான் அந்த ரீங்காரத்தை வரவழைக்கிறோம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புகிறோம். வாத்தியத்தில் வேறொரு பொருளை வைத்து நாதத்தை மாற்றுவது கேலிக்கூத்து என்றால், அந்தக் கூத்தை கேஜ் பிறந்த 1912 ஆம் ஆண்டுக்கு வெகுகாலம் முன்பே நாம் தொடங்கிவிட்டோம்.

அவர் திருகாணியை எடுத்ததும் விளையாட்டுக்கு அல்ல. 1940 இல் சியாற்றில் நகரில் சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்கு இசையமைக்க வேண்டியிருந்தபோது, தாளவாத்தியக் குழுவொன்றை நிறுத்த அந்த அரங்கில் இடமில்லை. இருந்தது ஒரு பியானோவுக்கான இடமே. ஆகவே அந்தப் பியானோவையே தாளவாத்தியக் குழுவாக்கினார். பின்னர், 1946 முதல் 1948 வரை எழுதிய ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ என்ற இருபது உருப்படிகளுக்காக, 45 சுரங்களுக்குரிய தந்திகளில் திருகாணி, மரையாணி, இறப்பர்த் துண்டு ஆகியவற்றில் எது எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று அங்குலக் கணக்கில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். கண்டபடி செருகுபவர் அங்குலம் அளப்பதில்லை.

அவரிடம் குறை இல்லாமலும் இல்லை. பல சுரங்களை ஒருங்கே அடுக்கிக் கட்டும் ஹார்மனி அவருக்குக் கைவரவில்லை என்று அவரது குருவான ஷோன்பேர்க்கே சொல்லியிருக்கிறார். அதை ஒளிக்காமல் எழுதியவரும் கேஜ்தான். ஆனால் அந்த ஹார்மனி இல்லாமலேயே இராகத்தையும் தாளத்தையும் கொண்டு இவ்வளவு தூரம் வந்த நாம், அதைக் காட்டி அவரைக் குறைசொல்ல முடியாது. அவரும் ஹார்மனியை விட்டு, ஓசைக்கும் மௌனத்துக்கும் பொதுவானது கால அளவு ஒன்றே என்ற கணக்கில் தம் இசையைக் கட்டினார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் அடிக்காமல் விடும் கார்வைக்குத் தலையாட்டும் நீங்கள், கார்வையை ஓர் உருப்படியாகவே நீட்டியவரைக் கண்டு ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? 1952 ஓகஸ்ட் 29 அன்று வூட்ஸ்ரொக்கில் பியானோக் கலைஞர் டேவிட் டியூடர் அந்த உருப்படிக்காகப் பியானோவின் முன் 4 நிமிடம் 33 செக்கன் வாசிக்காமல் இருந்தபோது, சபை கேட்டது காற்றையும் கூரையில் விழுந்த மழைத்துளியையும் தன் முணுமுணுப்பையுந்தான். (நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சுரம் தேர்ந்தெடுத்த அவரது உருப்படிகளை என்னாலும் முழுதாகக் கேட்க முடியவில்லை. அதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன்.)

சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள். 1946 இல் நியூயோர்க்குக்கு வந்த இந்திய இசைக் கலைஞர் கீதா சாராபாய், கேஜிடம் மேற்கத்திய இசை படித்து, கட்டணத்துக்குப் பதிலாக இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தார். அக்காலத்தில் கேஜ் ஊன்றிப் படித்தது கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துக்களை. நான் சொன்ன அந்த இருபது உருப்படிகளும் நவரசங்களை வெளிக்கொணரும் முயற்சி என்று கேஜே கூறியிருக்கிறார். இயற்கை செயற்படும் விதத்தைப் பின்பற்றுவதே கலையின் வேலை என்ற கொள்கையைக் குமாரசுவாமியிடமிருந்து எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்த ஆனந்த குமாரசுவாமி யார்? சேர் முத்து குமாரசுவாமியின் மகன். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகன். உங்கள் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், மருதனார்மடத்தில், நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் பயிலும் நுண்கலைக் கூடம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் உங்கள் கடிதத்தால் எங்கள் பிழையொன்று கண்ணில் பட்டது. மேர்ஸ் கனிங்ஹாமின் நடனக் குழுவுக்கு 1953 முதல் இறக்கும்வரை இசைப் பொறுப்பாளராக இருந்தவரை, 1959 இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் காளான் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்துப் பரிசு வென்றவரை, அறுபது வயதுக்கு மேல் செப்புத் தகட்டில் ஓவியம் பதித்தவரை, வெறும் பியானோக் கலைஞர் என்று எழுதிவிட்டோம். அதைத் திருத்திக்கொள்கிறோம்.