ஊருக்குப் போன பணம்

அன்புள்ள ஐயா,

கூலி குறைந்த இடத்திலிருந்து ஆட்கள் கூலி கூடிய இடத்துக்குப் போவார்கள், முதலீடு எதிர்த்திசையில் போகும், கடைசியில் இரண்டு இடத்திலும் கூலி சமமாகும் என்று படிக்கிறோம். அப்படியென்றால் வடக்கன்கள் இங்கே வருவது எப்போது நிற்கும்? அதுவரை நம் கூலி குறையுமா?

முதுகலைப் பொருளாதார மாணவன், வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 'வடக்கன்கள்' வேண்டாம். பொருளாதாரம் படிக்கிற பிள்ளை எழுதக்கூடிய சொல்லா அது? 1960களில் பம்பாயில் நம் ஆட்களை 'மதராசி' என்று சொல்லித்தான் விரட்டினார்கள்.

கூலி குறையுமா என்பது தொழிலுக்குத் தொழில் மாறும், அதை விடுங்கள். முதலீடு எதிர்த்திசையில் போகும் என்கிறதே உங்கள் பாடம், அதுதான் என்னைப் பல மாதங்களாக உறுத்துகிறது. போனதா?

போன வருடம் எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது சென்ட்ரிங் வேலைக்கு ஒரு பீகார் இளைஞர் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போன் கடையில் அவர் ஊருக்குப் பணம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாலிதீன் உறைக்குள் நாலாக மடித்த தாள், அதில் அம்மாவின் கணக்கு எண். சிமெண்ட் அரித்த விரலை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திக் கடைக்காரருக்குக் காட்டினார். பணம் போய்ச் சேர்ந்ததா என்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் தாளை மடித்தார்.

சரி, பணம் அவர் ஊர் வங்கிக்குப் போய்விட்டது. அப்புறம்? தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் டெபாசிட்டைவிடக் கொடுக்கும் கடன் அதிகம். பீகாரிலோ அண்மைக்காலம் வரை பல வருடங்கள் டெபாசிட்டில் பாதியைக்கூட அங்கே கடனாகக் கொடுக்கவில்லை. மிச்சத்தில் கணிசமான பங்கு, தொழில் ஏற்கெனவே இருக்கிற மாநிலங்களுக்குப் போகும். அந்த அம்மாவின் சேமிப்பு இங்கே யாருக்கோ வீட்டுக் கடனாகிறது. அந்த வீட்டுக்கும் பீகார்க்காரர்தான் சென்ட்ரிங் அடிக்கிறார்.

ஏழை நாட்டுக்கு மூலதனம் ஏன் பாயவில்லை என்று 1990-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் லூகாஸ் கேட்டார். நாட்டுக்குள்ளேயே பாயவில்லை, தம்பி. 1952 முதல் 1990களின் தொடக்கம் வரை, இரும்பு போன்ற பொருள்களின் சரக்குக் கட்டணத்தை எவ்வளவு தூரமானாலும் ஒன்றே என்று மத்திய அரசு சமப்படுத்தியது. சுரங்கத்துப் பக்கத்தில் ஆலை வைத்தாலும் சென்னையில் வைத்தாலும் இரும்பு ஒரே விலை. இன்றைய ஜார்க்கண்டும் சேர்ந்திருந்த அன்றைய பீகார் மண்ணுக்கு, சுரங்கம் பக்கத்திலேயே இருந்த பெரிய சாதகம் அதில் போயிற்று. அதில் நாமும் வளர்ந்தோம். இது தெரியாமல் அவர்கள் வருவது எப்போது நிற்கும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநில வாரியான கடன்-டெபாசிட் விகிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பேராசிரியரிடமும் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.