பெர்க்லி ஸ்டேடியத்துக்குச் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவள். மாப்பிள்ளை பக்கத்து ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். நவம்பரில் நானும் என் கணவரும் அவர்களிடம் போகிறோம். இரண்டு கல்லூரிகளும் மோதும் ‘பிக் கேம்’ என்ற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு, பெர்க்லி ஸ்டேடியத்தில், டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. போனிலேயே இருவருக்கும் வாக்குவாதம். 1982-இல் பெர்க்லி 25–20 என்று ஜெயித்தது என்கிறாள் மகள். இல்லை, ஸ்டான்ஃபோர்ட் 20–19 என்கிறார் மாப்பிள்ளை. நடுவில் ஏதோ கோடரி என்கிறார்கள். என்ன விவகாரம் இது? மூன்று, நான்கு மணி நேரம் புரியாமல் உட்கார முடியுமா? என்ன உடுத்துவது? – திருச்சி வாசகி ஒருவர்.

பதில்: உடையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஸ்டான்ஃபோர்டின் நிறம் அடர் சிவப்பு. பெர்க்லியின் நிறம் நீலமும் பொன் மஞ்சளும். பெர்க்லி மாணவர்கள் உட்காரும் பகுதியில் யாராவது சிவப்புச் சட்டையோடு வந்து உட்கார்ந்தால், “அந்தச் சிவப்புச் சட்டையைக் கழற்று!” என்று கூட்டமே சேர்ந்து கோஷம் போடும். வருடக்கணக்காக நடக்கும் கேலி இது, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனாலும் அரக்குப் பட்டில் போய் அதை வாங்கிக் கட்டிக்கொள்வானேன்? சரி, நீலப் புடவையில் மஞ்சள் பார்டர் என்றால் மாப்பிள்ளை முகம் வாடும். சாம்பல், வெள்ளை, கறுப்பு என்று ஏதாவது கட்டிக்கொண்டு மேலே ஒரு தடிமனான ஸ்வெட்டர் போடுங்கள். பகலில் வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் காற்று குளிரும். படிகள் நிறைய ஏற வேண்டியிருக்கும், பல இடங்களில் வெறும் பெஞ்சுதான். என்னைக் கேட்டால் சுடிதாரும் ஷூவும் உத்தமம்.

இனி விவகாரத்துக்கு வருவோம். பெர்க்லி 1868-இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். ஸ்டான்ஃபோர்ட், ரயில்வே முதலாளியும் முன்னாள் ஆளுநருமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் அவர் மனைவியும், 15 வயதில் டைஃபாய்டில் இறந்துபோன ஒரே மகனின் நினைவாகக் கட்டிய தனியார் பல்கலைக்கழகம். அங்கே வகுப்புகள் தொடங்கியது 1891 அக்டோபரில்தான். ஒன்று விரிகுடாவின் கிழக்குக் கரையில், மற்றது அதே விரிகுடாவின் தென்மேற்குப் பக்கம், ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நம்மவர்களுக்கும் இரண்டும் தெரிந்த பெயர்கள்தான். தமிழைச் செம்மொழியாக அறிவிக்கலாம் என்று 2000-இல் அறிக்கை எழுதிய ஜார்ஜ் ஹார்ட் பெர்க்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சுந்தர் பிச்சை முதுகலை படித்தது ஸ்டான்ஃபோர்டில்.

ஸ்டான்ஃபோர்ட் திறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1892 மார்ச் 19 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ஆட்டம். அச்சடித்த டிக்கெட் தீர்ந்த பிறகும் கூட்டம் வந்துகொண்டே இருக்க, நுழைவாயிலில் காசை வாங்கிப் பாத்திரங்களில் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் அணியின் மாணவ மேலாளர் ஹெர்பர்ட் ஹூவர், 1929-இல் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவரேதான். இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு இரண்டு அணியும் பந்தைக் கொண்டுவர மறந்துவிட்டன! விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் குதிரையேறிப் போய்ப் பந்து எடுத்து வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் புதுக் கல்லூரி 14–10 என்று ஜெயித்தது. சீனியருக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

கோடரி வந்தது 1899-இல். ஃபுட்பாலுக்கு அல்ல, பேஸ்பாலுக்கு. பெர்க்லியோடு பேஸ்பால் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஒரு கூட்டம் போட்டு, நீலமும் மஞ்சளும் உடுத்திய வைக்கோல் பொம்மையின் தலையை 15 அங்குல வெட்டுப்பகுதி கொண்ட ஒரு பெரிய கோடரியால் சீவினார்கள். இரண்டு நாள் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்து ஆட்டிக்காட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் பெர்க்லி பையன்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓட, ஊர்த் தெருக்களில் துரத்தல். வழியில் ஒரு கசாப்புக் கடையில் நுழைந்து காம்பை அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை கிளின்ட் மில்லர் என்ற மாணவர் ஓவர்கோட்டுக்குள் செருகிக்கொண்டார். படகுத்துறையில் போலீஸ் ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டிருந்தது. மில்லரின் அதிர்ஷ்டம், தெரிந்த பெண் ஒருத்தி அதே படகுக்கு வந்தாள். அவளோடு ஜோடியாகப் பேசிக்கொண்டே ஏறிக் கோடரியைக் கரை சேர்த்துவிட்டார்.

அடுத்த 31 ஆண்டுகள் கோடரி பெர்க்லியில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மாணவர் கூட்டத்துக்காகப் பலத்த காவலோடு வெளியே எடுப்பார்கள். 1930-இல் அப்படிக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கும்போது, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மாதிரி நின்ற ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஃப்ளாஷ் அடித்து, கண்ணீர்ப்புகை போட்டு, அந்தக் களேபரத்தில் கோடரியைத் தூக்கிக்கொண்டு காரில் பறந்தார்கள். அந்த 21 பேர் ஸ்டான்ஃபோர்டில் ‘இம்மார்ட்டல் 21’, அதாவது அழியாப் புகழ் பெற்றவர்கள். பெர்க்லிக்காரர்கள் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கழற்றிவிட்டு ‘இம்மாரல் 21’, ஒழுக்கம் கெட்டவர்கள், என்பார்கள். அங்கேயும் கோடரி மூன்று வருடம் ஒரு வங்கிக்குள் கிடந்தபின், இது சரிப்படாது என்று 1933-இல் இரு தரப்பும் பேசி, ஒவ்வோர் ஆண்டும் பிக் கேமில் ஜெயிப்பவருக்குக் கோடரி என்று முடிவு செய்தார்கள். திருட்டு அதோடு நின்றுவிடவில்லை என்பது வேறு கதை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களில் இந்த இரண்டு அணிகளும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய சக்திகளாக இருப்பதில்லை. பட்டியலில் எங்கேயோ நடுவில், சில வருடம் அடியில் கிடப்பார்கள். அந்த சீசன் முழுக்கத் தோற்ற அணியின் ஆட்களும் இந்த ஒரு நாள் கோடரி வந்துவிட்டால் போதும் என்றுதான் பேசுவார்கள். 2010 முதல் 2018 வரை தொடர்ந்து ஒன்பது தடவை ஸ்டான்ஃபோர்ட் ஜெயித்தது. அந்தக் காலத்தில் நுழைந்த பெர்க்லி மாணவர்களில் பலர் தங்கள் கல்லூரியில் கோடரியைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போனார்கள். உங்கள் மகள் அந்தச் செட் என்றால் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

இப்போது 1982. அதற்கு முன் கொஞ்சம் விதி தெரிய வேண்டும். இது நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர், மைதானம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்துப் போட்டால் கூடுதலாக 1. டச்டவுன் கிடைக்காதபோது தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. கடைசியாக ஒன்று: பந்தை முன்பக்கம் எறியக் கட்டுப்பாடு உண்டு, பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை தடவை வேண்டுமானாலும் எறியலாம். ஆள் தரையில் சாய்க்கப்பட்டால், முழங்கால் பட்டாலும், அந்த ஓட்டம் முடிந்தது.

1982 நவம்பர் 20, இதே பெர்க்லி ஸ்டேடியம். பெர்க்லி 19, ஸ்டான்ஃபோர்ட் 17. ஸ்டான்ஃபோர்ட் அணியை நடத்தியவர் ஜான் எல்வே. பிற்காலத்தில் டென்வர் அணிக்காக, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை இரண்டு தடவை வென்ற அதே ஆள், கல்லூரியில் அவருக்கு அது கடைசி ஆட்டம். தோற்றோம் என்ற நிலையிலிருந்து அணியை முன்னே கொண்டுவந்து, 8 வினாடி இருக்கும்போது டைம்-அவுட் கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார். ஃபீல்ட் கோல் விழுந்தது. ஸ்டான்ஃபோர்ட் 20, பெர்க்லி 19, மிச்சம் 4 வினாடி. எல்வே இன்னும் ஒரு நான்கு வினாடி பொறுத்துக் கேட்டிருந்தால் உங்கள் வீட்டில் இன்று இந்தச் சண்டையே இல்லை.

வெற்றிக் கூத்தில் ஸ்டான்ஃபோர்ட் வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவர, அதற்கு 15 யார்டு தண்டனை. அதனால் பின்தள்ளி நின்று பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தரையோடு வந்த பந்தை எடுத்தவர் பெர்க்லியின் கெவின் மோயன். அவர் ரிச்சர்ட் ராஜர்ஸிடம் எறிந்தார், ராஜர்ஸ் ட்வைட் கார்னரிடம். கார்னரை ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் கூட்டமாக அமுக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் கார்னர் விழுவதற்குள் பந்தை மறுபடி ராஜர்ஸுக்குத் தள்ளிவிட்டிருந்தார். ராஜர்ஸ் மேரியட் ஃபோர்டுக்கு. ஃபோர்டு மூன்று பேர் மேல் மோதி விழும்போது, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் பின்னால் வீசினார். அங்கே வந்து நின்றவர் மறுபடியும் மோயன். அதற்குள் எதிரே வாத்தியக்காரர்கள் சிதறி ஓடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து எல்லையைத் தாண்டிய மோயன், டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த கேரி டிரெல் என்ற மாணவரை மோதிக் கீழே தள்ளிவிட்டார். வானொலி வர்ணனையாளர் ஜோ ஸ்டார்க்கி, பேண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று அலறியது இன்றுவரை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. போவதற்கு முன் அதை இணையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நடுவர்கள் கூடிப் பேசி டச்டவுன் என்றார்கள். 19-உடன் 6, ஆக 25–20. அதிகாரப்பூர்வ ஏடுகளில் அதுதான். உங்கள் மகள் சொல்வதே சரி. மாப்பிள்ளை சொல்வதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. கோடரி பதித்த பலகையில் ஒவ்வோர் ஆண்டின் புள்ளியும் எழுதியிருக்கும். கோடரி ஸ்டான்ஃபோர்டில் இருக்கும்போது 1982-க்கு நேரே 20–19 என்று மாற்றிவைப்பார்கள், பெர்க்லிக்குப் போனதும் அது 25–20 ஆகிவிடும். கார்னரின் முழங்கால் ஏற்கெனவே தரையில் பட்டுவிட்டது, ஃபோர்டு வீசியது முன்பக்கம் போனது என்பவை ஸ்டான்ஃபோர்டின் வாதங்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்பு மாற்றும் வசதி அப்போது கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. உறுதியாகச் சொல்கிறவர் எந்தக் கல்லூரி என்று விசாரித்துப் பாருங்கள். சில நாளில் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் பத்திரிகைக்காரர்கள், முடிவு மாற்றப்பட்டதாக பெர்க்லி மாணவர் பத்திரிகையைப் போலவே போலி இதழ் ஒன்றை அச்சடித்து பெர்க்லி வளாகத்திலேயே பரப்பிவிட்டார்கள். அங்கே பலர் கொஞ்ச நேரம் நம்பியும் விட்டார்கள்.

இந்த வரலாற்றில் சிரிப்பு மட்டும் இல்லை. 1900-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்டத்தைக் காசில்லாமல் பார்க்கப் பக்கத்துக் கண்ணாடித் தொழிற்சாலைக் கூரையில் ஏறியவர்கள், கூரை உடைந்து எரிந்துகொண்டிருந்த உலைமேல் விழுந்தார்கள். 23 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். பின்னர் ஃபுட்பாலில் அடிதடி அதிகம் என்று 1906 முதல் சில ஆண்டுகள் இரு கல்லூரிகளும் ரக்பிக்கு மாறியிருந்தன.

ஸ்டேடியத்தைப் பற்றியும் ஒன்று. 1923-இல் திறந்த அது ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 2012-இல் பெரிய செலவில் பலப்படுத்திக் கட்டிவிட்டார்கள், பயம் வேண்டாம். ஆனால் பெர்க்லி புள்ளி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மேலே குன்றிலிருந்து பீரங்கி ஒன்று வெடிக்கும், நம் கோயில் திருவிழா அதிர்வேட்டு போல. ஐயாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கைப்பையில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள், வழக்கமான ஹேண்ட்பேக் வாசலிலேயே நிற்கும். மாத்திரை, கண்ணாடி எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கட்டும். கிழக்குப் பக்கம் இடம் என்றால் மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும், தொப்பி வேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தை டிவிக்காரர்கள் கடைசி வாரங்களில்தான் முடிவு செய்வார்கள். அதனால் அன்று இரவுக்கே விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

யாருக்குக் கைதட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே கேட்பார்கள். மகள் பக்கம் நீங்கள், மாப்பிள்ளை பக்கம் உங்கள் கணவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மைதானத்தைவிட ஓரத்தைப் பாருங்கள். இரு கல்லூரியின் கோடரிப் பொறுப்பாளர்களும் எதிரும் புதிருமாக நிற்பார்கள், முடிவைப் பொறுத்து அங்கேயே கைமாறும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், முன்னாடியே எழுந்துவிடாதீர்கள். காரை எடுத்தால் நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். டவுன்டவுன் பெர்க்லி ரயில் நிலையம் ஸ்டேடியத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம்.