உபவாசம் இருக்க முடியாவிட்டால் இரட்சிப்பு போய்விடுமா?

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) உபவாசம் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, சரீரத்தை ஒடுக்காதவர்களுக்கு இரட்சிப்பில் பங்கில்லை என்கிறார். கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்று பாஸ்டர் பிரசங்கிக்கிறார், யாக்கோபோ தன் நிருபத்தில் கிரியை (நற்செயல்) வேண்டும் என்கிறார். நான் எதை நம்புவது? - ஒரு வாசகி

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. லூக்கா 18-ஐ எடுத்து வாசியுங்கள். வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன் என்று தேவாலயத்தில் நின்று கணக்குச் சொன்ன பரிசேயன் அல்ல, தலையைக்கூட நிமிர்த்தாமல் மார்பில் அடித்துக்கொண்டு ‘பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்று அழுத ஆயக்காரன்தான் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக வீட்டுக்குப் போனான். இதைச் சொன்னவர் இயேசு. உபவாசம் நல்லதுதான், ஆனால் அது இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல.

சரி, அப்படியானால் நாம் எதுவுமே செய்ய வேண்டாமா? அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு ஆயக்காரன் வருகிறான், சகேயு. எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கவனியுங்கள். அவன் காட்டத்தி மரத்தில் இருக்கும்போதே, ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுக்காதபோதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார் இயேசு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்று அவன் எழுந்து நின்று சொல்வது அதற்குப் பிறகுதான். கிருபை முதலில் வந்தது, கை அதற்கப்புறம் பணப்பைக்குப் போனது. அந்தக் கை அசையவே இல்லை என்றால், உள்ளே ஏதாவது நடந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். யாக்கோபு கேட்பதும் அதைத்தான். உடுக்கத் துணியில்லாமல் நிற்கிறவனிடம் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்துத்தான் அவர் கோபப்படுகிறார். கிருபையைப் பற்றி எழுதிய பவுலின் சண்டை வேறு ஆட்களோடு, விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் நீங்கள் தேவஜனம் என்று கலாத்தியரை மிரட்டியவர்களோடு. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15, ஈசாக்கு பிறக்கும் முன்பே ஆபிரகாம் விசுவாசித்தது. யாக்கோபு காட்டுவது 22-ஆம் அதிகாரம், அந்த ஈசாக்கையே பலிபீடத்தில் வைத்தது. ஒரே மனிதனின் வாழ்க்கை, நடுவில் பல வருஷங்கள்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1522-இல் யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதினார். லூதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர் அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். அதேபோல, கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள் என்று புராட்டஸ்டன்டுகளாகிய நம் பக்கத்தில் சுலபமாகப் பேசிவிடுகிறோம், அதுவும் நியாயமில்லை. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாக முடியும் என்பதைக் கண்டிக்கிறது. கிருபையோடு மனிதன் ஒத்துழைப்பது, புண்ணியப் பலன் ஆகியவற்றில்தான் இன்றும் வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும், நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சேர்ந்தே கையெழுத்துப் போட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

பிலிப்பியர் 2:12-ஐக் காட்டி, ‘இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்று இருக்கிறதே என்று அந்த அக்கா கேட்கலாம். 13-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவரே தேவன்தான் என்று அங்கே இருக்கிறது.

நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். லெந்து நாட்களில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று மனது கேட்டால், ஏசாயா 58-இல் கர்த்தரே தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லியிருக்கிறார்: பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. அதற்குச் சர்க்கரை நோய் தடையில்லை.